150 ரூபாச் சாமானும் 400 ரூபாக் கூரியரும்

இலங்கையின் கிழக்குக் கரையில், காத்தான்குடி மொத்தக் கடையொன்றில் ஓர் அட்டை ஷோல் பின்னை 90 ரூபாவுக்கு எடுத்து, பேஸ்புக்கில் 150 ரூபாவுக்குப் போடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்கு 60 ரூபா மிச்சம். போட்ட முதலில் மூன்றில் இரண்டு பங்கு இலாபமாக வருகிறது. காகிதத்தில் இதைவிட நல்ல யாவாரம் கிடைக்காது. குருநாகலில் இருந்து ஒரு பிள்ளை அந்த ஓர் அட்டையை மட்டும் கேட்டவுடன் கணக்கு தலைகீழாகிவிடும். முதல் கிலோவுக்குக் கூரியர் 400 ரூபா என்றால், 150 ரூபாச் சாமானுக்கு அந்தப் பிள்ளை 550 ரூபா கட்ட வேண்டும். கட்டமாட்டார். கூரியரை விற்பவர் ஏற்றால் ஒரே பொதியில் 340 ரூபா கைநட்டம்.

(கொள்முதல், கூரியர் விலைகளாக இங்கே வருபவை கணக்குப் பார்க்க எடுத்த எண்கள். உங்கள் கூரியர்காரரின் விலைப்பட்டியலை வைத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள்; கணக்கின் வடிவம் மாறாது.)

மலிவுச் சாமான் விற்பவர்கள் கூடிப் பேசினால் முதலில் வரும் கேள்வி, 'எந்தத் தளத்தில் கொமிஷன் குறைவு?' என்பதுதான். நூற்றுக்கு இவ்வளவு என்று எடுக்கும் கட்டணம் சின்னச் சாமானை அவ்வளவாகக் கடிப்பதில்லை. 150 ரூபாவில் 10 வீதம் 15 ரூபா. வலிக்கும், ஆனாலும் 45 ரூபா மிஞ்சும். கழுத்தை நெரிப்பவை எவ்வளவு விற்றாலும் மாறாமல் நிற்கும் கட்டணங்கள்: ஒரு பொதிக்கு இவ்வளவு, ஓர் ஓடருக்கு இவ்வளவு, ஒரு வங்கி மாற்றலுக்கு இவ்வளவு. ஓடருக்கு 50 ரூபா என்று ஒரு நிலைக்கட்டணம் இருந்தால், 150 ரூபா விற்பனையில் அது மூன்றில் ஒரு பங்கு. 1,200 ரூபா விற்பனையில் நூற்றுக்கு நாலு சொச்சம். ஆகவே தளத்தை மாற்றுவதற்கு முன் பொதியை மாற்ற வேண்டும்.

அதே பின்னை எட்டு அட்டை ஒரு தொகுதியாகக் கொடுத்தால் விற்பனை 1,200 ரூபா, கொள்முதல் 720, மிச்சம் 480. பையும் டேப்பும் 30 ரூபா போனால் 450. கூரியர் 400 ரூபாவை வாங்குபவரே கட்டுகிறார். ஆனால் இப்போது அது சாமான் விலையின் மூன்றில் ஒன்றுதான், முன்போல் சாமான் விலையின் இரண்டரை மடங்குக்கு மேல் அல்ல. கூரியரில் முதல் கிலோவுக்கு ஒரே விலை. 80 கிராம் போட்டாலும் 950 கிராம் போட்டாலும் 400 தான். 80 கிராம் மட்டும் போட்டால் அந்தக் கிலோவுக்குள் மீதி இருக்கும் 920 கிராமும் நீங்கள் காசு கட்டி வாங்கிய வெற்றிடம். அதை நிரப்புவதுதான் இந்தத் தொழிலின் பாதி வேலை.

எட்டும் ஒரே பின்னாக இருக்கத் தேவையில்லை, இருந்தால் எடுபடவும் மாட்டாது. பின் இரண்டு அட்டை, தலைமுடி கிளிப் ஒரு சோடி, ஷோலுக்குள் போடும் உட்தொப்பி ஒன்று, மருதமுனைக் கைத்தறித் துண்டில் தைத்த சின்னப் பேர்ஸ் ஒன்று: இப்படி ஒரே ஆள் ஒரே வேளையில் பாவிக்கும் சாமான்களைச் சேர்த்து 'செட்' ஆக்கினால் படமும் நன்றாக வரும், விலையும் ஒற்றைப் பின்னோடு ஒப்பிடப்படாது. செட்டுக்குள் குறைந்தது ஒன்றாவது வேறு கடையில் அதே மாதிரி கிடைக்காததாக இருக்க வேண்டும். பின்னை யாரும் இறக்கலாம். அந்தத் துண்டுப் பேர்ஸை எல்லோராலும் தைக்க முடியாது.

இலவச டிலிவரி என்ற வார்த்தையை எழுதுவதற்கு முன்

'2,000 ரூபாவுக்கு மேல் டிலிவரி இலவசம்' என்று போடாத பக்கம் இப்போது குறைவு. அந்த 2,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடுத்த பக்கத்தைப் பார்த்து வந்தது. போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன பின் கணக்கில் விற்ற விலையில் 40 வீதம் மிச்சம். 2,000 ரூபா ஓடரில் 800. அதில் கூரியர் 400, பையும் டேப்பும் 30 போக 370. 1,200 ரூபா ஓடரில், கூரியரை வாங்குபவர் கட்டும்போது, 450 மிஞ்சியதே! கூட விற்று, கூடப் பொதி கட்டி, 80 ரூபா குறைவாக உழைப்பதற்கு எதற்கு ஒரு சலுகை?

எல்லையைக் கண்டுபிடிக்கும் வழி இது. இலவசம் இல்லாத உங்கள் வழமையான ஓடரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள் (இங்கே 450). அதோடு கூரியரையும் பொதிச் செலவையும் கூட்டுங்கள் (450 + 400 + 30 = 880). அதை உங்கள் மிச்ச வீதத்தால் வகுங்கள் (880 ÷ 0.4 = 2,200). 2,200-க்குக் கீழே இலவசம் கொடுத்தால் கையைக் கடிக்கும். 2,200 எட்டாத உயரம் என்று தோன்றினால் பாதி டிலிவரி என்று ஒரு படி வைக்கலாம்: 450 + 200 + 30 = 680, அதை 0.4-ஆல் வகுத்தால் 1,700. '1,700-க்கு மேல் டிலிவரி 200 மட்டும், 2,200-க்கு மேல் இலவசம்.' இரண்டு படி இருந்தால் 1,500 ரூபாவில் நிற்கும் ஓடர் இன்னொரு சாமான் சேர்த்து ஏறும். உங்கள் மிச்சம் 25 வீதம்தான் என்றால் எல்லைகள் வெகுதூரம் போய்விடும். அப்போது இலவசம் என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பது மேல்.

எந்தச் சாமான் இந்தக் கணக்குக்குள் அடங்கும் என்பதும் இதோடு சேர்ந்தது. இலேசானது, தட்டையானது, உடையாதது, சைஸ் பார்க்கத் தேவையில்லாதது, கெட்டுப்போகாதது, முடிந்தவுடன் திரும்பக் கேட்பது. பின், கிளிப், பொத்தான், லேஸ், நூல், மணி, பேர் ஒட்டும் ஸ்டிக்கர், விதைப் பக்கற், கைக்குட்டை எல்லாம் தேறும். கண்ணாடி வளையல் தேறாது. ஒரு டசினில் இரண்டு உடைந்தாலும் முழு டசினுக்கும் பதில் சொல்ல வேண்டும். அத்தரும் எண்ணெயும் ஒழுகும், பக்கத்துப் பொதியையும் கெடுக்கும், தபாலில் எடுக்கவும் மாட்டார்கள். மோதிரம், செருப்பு மாதிரி அளவு பார்த்து வாங்குபவை மலிவு விலையில் வேண்டாம். ஒரு முறை மாற்றிக் கொடுத்தாலே இரண்டு கூரியர்.

பனையோலைப் பெட்டி தனியாகச் சொல்ல வேண்டியது. எங்கள் பக்கத்தில் பின்னுகிற பெட்டிகளுக்கு வெளியூரில் நல்ல கேள்வி உண்டு. தூக்கினால் பாரமே இல்லை. ஆனால் கூரியர்காரர்கள் பாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருகிற கிலோ அசல் பாரத்தைவிடக் கூடினால் அந்தக் கிலோவுக்குத்தான் பில் போடுவார்கள். 25 × 25 × 15 அளவுப் பெட்டி: 9,375 ÷ 5,000 = 1.875. தராசில் 200 கிராம் காட்டும் பெட்டிக்கு இரண்டு கிலோ விலை. இதற்கு ஒரே வழி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டியாகப் பின்னச் சொல்லி மூன்றையும் ஒரே செட்டாக விற்பது. இடம் அதேதான், விலை இரண்டரை மடங்கு. பின்னும் அக்காமாரிடம் அளவைச் சொல்லும்போது வெளிப்பெட்டியின் உள் அளவைவிட உட்பெட்டியின் வெளி அளவு ஒரு சென்ரிமீற்றராவது குறைய இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சரியாகப் பொருந்தும் பெட்டி மாரியில் ஈரத்துக்கு ஊதி உள்ளே இறுகிக்கொள்ளும். இழுத்தால் விளிம்பு பிரியும்.

அனுப்பும் வழிகள்

கூரியரைத் தவிர வழி இல்லை என்று பலர் நினைப்பது சரியில்லை. 2022 ஆகஸ்ட்டில் சாதாரணக் கடிதத்தின் ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவுக்கு ஏறியபோது தபாலை விட்டவர்கள் கன பேர். ஏறியது உண்மை. ஆனாலும் தபாலில் கட்டணம் கிராம் கணக்கில் ஏறுவது. கூரியர் மாதிரி முதல் கிலோவை முழுசாக வாங்கத் தேவையில்லை. தட்டையான, 100 கிராமுக்குள் அடங்கும் பொதிக்குப் பதிவுத் தபால் இன்னும் கூரியரை வெல்லும். கூரியர்காரர் நுழைய யோசிக்கும் உள்ளூர்களுக்கும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கிலுள்ள படுவான்கரையின் உட்கிராமங்களுக்கும், தபால்காரர் போவார் என்பது இன்னொரு வசதி. பதிவு இலக்கம் உள்ள பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வாங்குபவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள், 'அனுப்பியாச்சா?' என்ற கேள்வி பாதியாகக் குறையும். பதிவில்லாத சாதாரணத் தபாலில் போடுவதானால், தொலைந்தால் நானே திரும்ப அனுப்புவேன் என்று முடிவெடுத்துக்கொண்டு போட வேண்டும். 200 ரூபாச் சாமானில் அந்தத் துணிவு இலாபமாகவே இருக்கலாம்: நூறு கடிதத்தில் மூன்று தொலைந்தாலும் நூறு பதிவுக் கட்டணத்தைவிட அது மலிவு. 1,000 ரூபாச் சாமானில் ஒன்று தொலைந்தாலே அடி பெரிது, அதற்குப் பதிவுத் தபாலே மேல்.

தபால் கந்தோருக்குப் போகும் முன் வீட்டில் ஒரு இலக்கத் தராசு இருக்க வேண்டும், ஒரு கிராம் துல்லியத்தில். சமையலறைக்கு விற்கும் சின்னத் தராசே போதும். கவுண்டரில் நிறுத்துப் பார்த்துத்தான் எடை தெரியும் என்றால், வாங்குபவரிடம் சொன்ன டிலிவரிக் காசு ஒருநாளும் சரியாக இருக்காது. உறை, உள்ளே போடும் அட்டை, டேப் எல்லாம் சேர்த்து நிறுங்கள். சாமான் 18 கிராம், உறையும் அட்டையும் 14 கிராம் என்று வரும் இடத்தில் அட்டையை மெல்லியதாக்கினால் ஒரு படி கட்டணம் இறங்கும்.

இனி எங்களுக்கே உரிய வசதி ஒன்று. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில் வரை ஊர்கள் ஏ4 வீதியில் மாலை கோத்த மாதிரி இருக்கின்றன. கொழும்பில் இருப்பவருக்கு வாங்குபவர்கள் நாலு திசையிலும். இங்கே ஒரே தெருவில். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீற்றர், பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தெருவில் நாலைந்து இடத்தில் 'எடுக்கும் இடம்' ஒன்று பிடித்தால் பொதிக்கான செலவு விழுந்துவிடும்.

தையல் கடை, பாமஸி, போட்டோக் கொப்பி எடுக்கும் கொமினிகேஷன்: காலை முதல் இரவு வரை ஆள் இருக்கிற, பெண்கள் தயங்காமல் ஏறி இறங்குகிற கடையாகப் பாருங்கள். கல்முனைக்குப் போக வேண்டிய பத்துச் சின்னப் பொதிகளை ஒரே கூரியர் பைக்குள் போட்டால் ஒரு கிலோவுக்கு 400; தலைக்கு 40 ரூபா. கடைக்காரருக்குப் பொதிக்கு 30 கொடுத்தாலும் 70 ரூபாவில் முடிகிறது. கூரியரை வைத்து 150 ரூபாச் சாமானை ஒற்றையாக விற்கக்கூடிய ஒரே வழி இதுதான்.

இதில் ஒழுங்கு பிசகினால் கடைக்காரர் இரண்டாம் மாதமே 'எங்களுக்கு இது சரிவராது தம்பி' என்பார். காசை அவர் கையால் வாங்கவே கூடாது. முழுக் காசும் முன்பே உங்கள் கணக்குக்கு வந்த பொதி மட்டும்தான் அங்கே போக வேண்டும். பொதியின் மேல் பெரிய எழுத்தில் வரிசை இலக்கமும் வாங்குபவரின் போன் நம்பரில் கடைசி நாலு இலக்கமும் போதும். முழுப் பெயர், முழு நம்பர் வெளியே எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் இப்படி வாங்குபவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். அவர்களுடைய நம்பர் கடை மேசையில் கிடந்து யாரோ ஒருவர் போனுக்குள் போவதற்கு நீங்கள் காரணமாகக் கூடாது. எடுப்பவர் நாலு இலக்கத்தைச் சொல்ல வேண்டும், கடைக்காரர் கொப்பியில் அந்த இலக்கத்துக்கு நேரே ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து நாளில் எடுக்காவிட்டால் நீங்களே அழைத்து நினைவூட்டுங்கள். கடையில் பத்துக்கு மேல் பொதி தேங்கவிடாதீர்கள், அவர் தன் சாமானை வைக்க இடம் வேண்டாமா?

பஸ்ஸில் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. கண்டக்டர் கையில் சின்னக் காசு, பஸ்ஸின் இலக்கத்தைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பினால் அவர் சந்தியில் நின்று வாங்குவார். மலிவுதான். பற்றுச்சீட்டு கிடையாது, பஸ் நடுவழியில் நின்றால் பதில் சொல்ல ஆளும் கிடையாது. அவசர ஓடருக்கு, தெரிந்த ஆளுக்கு, போனாலும் தாங்கக்கூடிய பெறுமதிக்கு மட்டும்.

காசு வரும் வாசல்

வங்கிக்கு வங்கி இணையத்தில் மாற்றினால் அனுப்புபவரிடம் பொதுவாக 25, 30 ரூபா வெட்டுவார்கள். 300 ரூபா ஓடரில் 30 ரூபா என்பது பத்து வீதம். வாங்குபவர் வாயைத் திறந்து சொல்லமாட்டார், அடுத்த முறை வரமாட்டார். ஒரே வங்கிக்குள் மாற்றுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆகவே வாங்குபவர்கள் அதிகம் வைத்திருக்கிற இரண்டு வங்கிகளில் உங்களுக்கும் கணக்கு இருப்பது நல்லது. மக்கள் வங்கி, இலங்கை வங்கி இரண்டுக்கும் எங்கள் பக்கத்துச் சிறு ஊர்களிலும் கிளை உண்டு, அவற்றிலிருந்து தொடங்கலாம். மூன்றாவது கணக்கு தேவையில்லை. மாதக் கடைசியில் மூன்று இடத்தில் கணக்குப் பார்ப்பது அந்த 30 ரூபாவைவிடப் பெரிய செலவு. வீட்டுச் செலவு நடக்கும் கணக்கை இதற்குப் பாவிக்காதீர்கள். யாவாரக் காசு எது, அரிசி வாங்கிய காசு எது என்று பிறகு பிரிக்க முடியாது. கண்காட்சியிலோ வீட்டு வாசலிலோ நேரே வந்து எடுப்பவர்களுக்கு போனால் ஸ்கேன் பண்ணிக் காசு போடும் லங்கா கியூஆர் அட்டை ஒன்று வைத்தால் சில்லறைப் பிரச்சினை தீரும். அதில் வெட்டும் வீதம் கார்ட் இயந்திரத்தைவிடக் குறைவு.

ஸ்லிப் படத்தை நம்பி அனுப்பாதீர்கள். போனிலேயே ஐந்து நிமிடத்தில் ஸ்லிப் செய்யலாம், பழைய ஸ்லிப்பில் திகதியையும் மாற்றலாம். உங்கள் கணக்கில் காசு விழுந்த எஸ்எம்எஸ் வந்த பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும். 'ராத்தா, ஸ்லிப் பார்த்தேன், காசு விழுந்தவுடன் இன்றைக்கே போட்டுவிடுகிறேன்' என்று எழுதினால் யாரும் கோபிக்கமாட்டார்கள். மற்றது, உங்களுக்குக் காசு வர உங்கள் கணக்கு இலக்கம் ஒன்றே போதும். 'காசு அனுப்ப இந்த லிங்க்கை அழுத்துங்கள்', 'வந்த ஓடிபி நம்பரைச் சொல்லுங்கள்' என்று கேட்பவர் வாங்க வந்தவர் இல்லை.

சாமான் கையில் கிடைத்த பிறகு காசு என்ற கேஷ் ஒன் டிலிவரிதான் இங்கே எல்லோருக்கும் பழக்கம். மலிவுச் சாமானில் அதுதான் மிகப் பெரிய ஓட்டை. 20 பொதி போகிறது, ஒவ்வொன்றிலும் 250 ரூபா மிச்சம். மூன்று பேர் போனை எடுக்கவில்லை, அல்லது 'நான் ஓடர் பண்ணவில்லையே' என்றார்கள். போன கூரியர் 400, திரும்பி வர 200, பையும் டேப்பும் 30: ஒன்றுக்கு 630, மூன்றுக்கு 1,890. மிச்ச 17 பொதியில் வந்த 4,250 ரூபாவில் இதைக் கழித்தால் 2,360 தான். அதே 20 பேரிடம் டிலிவரிக் காசையாவது முன்பே போடச் சொல்லியிருந்தால் நாலு பேர் விலகியிருப்பார்கள் என்றே வைப்போம். மிச்சம் 16 பொதி, திரும்பியது எதுவும் இல்லை, 4,000 ரூபா. விலகிய நாலு பேரில் மூன்று பேர் அந்த எடுக்காத மூன்று பேர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூரியர்காரர் வசூலித்த காசைத் தருவதற்கு எடுக்கும் நாட்களும் உண்டு. அத்தனை நாளும் உங்கள் முதல் வேறொருவர் பெட்டிக்குள் கிடக்கும், அடுத்த சரக்கு எடுக்கக் கையில் காசு இருக்காது.

அப்படியும் புதிதாக வருபவர் முன்காசு போடப் பயப்படுவார், அது நியாயம். முதல் ஓடருக்கு டிலிவரிக் காசு மட்டும் முன்னுக்கு, சாமான் காசு கையில். இரண்டாவது ஓடரிலிருந்து முழுவதும் முன்னுக்கு, அதற்கு ஒரு சின்னப் பொருள் இனாம். இந்த ஒழுங்கை யாரும் மறுப்பது குறைவு. பெரிய ஓடரானால் அனுப்பும் முன் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். குரல் கேட்ட ஓடர் திரும்பி வருவது அரிது.

எந்தத் தளம்

பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போடக் காசு இல்லை. வாட்ஸ்அப் பிஸ்னஸில் 500 சாமான் வரை கட்டலொக் போடலாம், அதற்கும் காசு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டே போதும்: ஒன்று புதியவர்களைப் பிடிக்க, மற்றது வந்தவர்களை வைத்திருக்க. வாட்ஸ்அப் புரோட்காஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு சிறு சீட்டில், 'அடுத்த செட் வரும்போது அறிய இந்த நம்பரைச் சேமித்து, சேமித்தேன் என்று ஒரு மெசேஜ் போடுங்கள்' என்று எழுதி வையுங்கள். அந்தச் சீட்டு எந்த விளம்பரத்தையும்விட மலிவு.

டராஸ் மாதிரிப் பெரிய இணையச் சந்தைகளில் சாமான் போடுவது இலவசம், விற்றால்தான் வெட்டு. பிரிவுக்கு ஒரு கொமிஷன், காசு கையாளும் கட்டணம், அந்தக் கட்டணங்களின் மேல் 18 வீத வற் வரி என்று அடுக்கு அடுக்காக வரும். சேருவதற்கு முன் உங்கள் பிரிவின் கட்டண அட்டவணையை எடுத்து ஓர் ஓடருக்கு முழுதாகப் போட்டுப் பாருங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே உங்கள் பின்னுக்குப் பக்கத்திலேயே சீனாவிலிருந்து நேரே வரும் அதே பின் பாதி விலைக்கு நிற்கும். இறக்குமதிச் சாமானை அங்கே கொண்டுபோவதில் பொருளில்லை. கைத்தறி, பனையோலை மாதிரி ஒப்பிட முடியாதவற்றுக்கு மட்டும் யோசிக்கலாம்.

வெளிநாட்டுத் தளங்களின் ஆசையும் பலருக்கு உண்டு. கைவினைப் பொருள் விற்கும் எட்ஸியில் ஒரு பட்டியலிடலுக்கு 0.20 டொலர், நாலு மாதம் நிற்கும், விற்றதும் புதுப்பிக்கத் திரும்ப 0.20. விற்ற விலையில் 6.5 வீதம், அந்த 6.5 வீதம் தபால் செலவின் மேலும் விழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 3 டொலர் சாமான், 6 டொலர் தபால்: 9 டொலரில் 6.5 வீதம் 0.585, அதோடு 0.20, மொத்தம் 0.785. உங்கள் 3 டொலரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, காசு கையாளும் கட்டணம் இன்னும் வரவில்லை. இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு வந்து சேரும் வழி இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் எந்த வெளிநாட்டுத் தளத்திலும் கடை திறக்க வேண்டும். கனடாவிலும் சுவிஸிலும் கத்தாரிலும் இருக்கும் எங்கள் ஆட்களைப் பிடிக்க அதைவிட இலகுவான வழி உண்டு. அவர்கள் தங்களுக்கு வாங்குவதைவிட ஊரில் இருக்கும் தங்கச்சிக்கும் மருமகளுக்கும் பெருநாள், பிறந்தநாள் பரிசாக அனுப்பச் சொல்வார்கள். காசு இங்கேயுள்ள உறவினரின் கணக்கிலிருந்து வரும், பொதி ஏ4 வீதியிலேயே போகும், விலை பேசுவதும் குறைவு. அதற்கென்று ஒரு பரிசுச் செட்டைத் தனியாகப் படம் எடுத்து வைத்திருங்கள்.

விளம்பரம் போடுவதானால் ஒற்றைச் சாமானுக்குப் போடாதீர்கள், ஒரு செட்டுக்குப் போடுங்கள். கார்டில் டொலராகப் போகும் காசுக்கு வங்கி தன் பங்கையும் சேர்க்கும். மட்டக்களப்பை நடுவாக வைத்து 40 கிலோமீற்றர் வட்டம் கீறினால் கிழக்குப் பாதி கடலுக்குள் விழும்; மேற்கில் வாவியும் வயலும். வட்டத்தை விட்டுவிட்டு, நீங்கள் எடுக்கும் இடம் வைத்திருக்கிற ஊர்களைப் பெயர் பெயராகச் சேருங்கள்.

படத்திலும் எழுத்திலும் கட்டணம் ஒளிந்திருக்கிறது. பதில் எழுதும் நேரம் கட்டணம்தானே. 'விலை இன்பொக்ஸில்' என்று போடுபவர், 150 ரூபாச் சாமானுக்கு எட்டு மெசேஜ் எழுதுகிறார். விலை, அளவு, டிலிவரிக் காசு, காசு போடும் முறை நாலும் படத்தின் கீழேயே இருக்கட்டும். பெயரைத் தமிழில் ஒரு முறையும் ஆங்கில எழுத்தில் ஒரு முறையும் எழுதுங்கள். தேடுபவர்கள் இரண்டு விதமாகவும் தேடுவார்கள். காலை வெயில் சுள்ளென்று ஏறுவதற்கு முன், ஜன்னலோரம், வெள்ளைத் துணியில் வைத்து எடுங்கள். சாமானுக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து ஒரு படமாவது வேண்டும். 'இவ்வளவு சின்னதா!' என்ற முறைப்பாடு முக்கால்வாசி அதோடு நிற்கும். கைத்தறிச் சாயம் போனுக்குப் போன் வேறாகத் தெரியும், அதை முன்பே எழுதிவிடுங்கள். முதல் கழுவலில் சாயம் இறங்கும் துணியானால் அதையும்.

வைத்திருப்பதிலும் எங்கள் ஊருக்கென்று தொல்லைகள் உண்டு. கடற்கரை ஊரில் திறந்த பெட்டியில் கிடக்கும் இரும்புப் பின் சில மாதத்தில் கறள் பிடித்துவிடும். வெள்ளை ஷோலில் அந்தக் கறள் பட்டால் பின் விலையைவிட ஷோல் விலைதான் கேட்பார்கள். வாங்கும்போதே துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு எடுங்கள், மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். பனையோலையை நன்றாகக் காயவைக்காமல் பொலித்தீனுக்குள் அடைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம். கார்த்திகையில் தொடங்கும் மழையில் கூரியர் பை நனையும் என்று வைத்தே கட்ட வேண்டும்: முதலில் சிப் பை, அதன்மேல் காகிதம், வெளியே கூரியர் பை. முகவரிச் சீட்டின் மேல் டேப் முழுசாக ஒட்டுங்கள், மை கரைந்தால் பொதி அநாதை. வெள்ளம் வந்து தெரு மூடினால் அன்றே எல்லா வாங்குபவர்களுக்கும் ஒரே மெசேஜ் போட்டுவிடுவது, தனித்தனியாக ஐம்பது பேருக்குப் பதில் சொல்வதைவிட நல்லது. பெருநாள், தீபாவளி, தைப்பொங்கலுக்கு முன் கூரியர் நெருக்கும். கடைசி ஓடர் திகதியைப் பத்து நாள் முன்னுக்கு வைத்து அறிவியுங்கள்.

முந்திரி, மிக்சர், மசாலை மாதிரி உண்ணும் சாமான் என்றால் லேபல் கட்டாயம்: பெயர், நிறை, உள்ளடக்கம், செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் முகவரி, விலை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே பேசிவிடுவது, அவர் வந்து கேட்பதைவிட இலேசு. யாவாரம் தொடர்ந்து நடக்கிறது என்று தெரிந்ததும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். யாவாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும், கூரியரோடு மாதக் கணக்கு ஒப்பந்தம் போடவும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். மாதக் கணக்குக்கு வந்தால் பொதி விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம். தனியாகக் கேட்டால் எடுபடாது. உங்களைப்போல் வீட்டிலிருந்து விற்கும் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் பொதிகளை வைத்து, ஒரே கணக்கில் எடுக்கச் சொன்னால் கூரியர்காரர் இறங்கி வருவார். அவருக்கும் நாலு வீட்டு வாசலில் நிற்பதைவிட ஒரு வாசல் இலாபம்.

கணக்குக் கொப்பியில் ஒரு பொதிக்கு ஒரு வரி: திகதி, சாமான், விற்ற விலை, கொள்முதல், தளக் கட்டணம், அனுப்பிய செலவு, பொதிச் செலவு, திரும்பியதா, கடைசி நிரலில் அந்த ஓடருக்கு எத்தனை மெசேஜ் போனது என்று உத்தேசமாக ஓர் எண். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கடைசி நிரலைச் சாமான் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். அதிகம் விற்கிறது என்று நீங்கள் நினைத்த ஒரு சாமான், மிச்சம் 40 ரூபாவும் மெசேஜ் பதினைந்துமாக நிற்கும். அதை ஒற்றையாக விற்பதை நிறுத்தி, ஒரு செட்டுக்குள் போட்டுவிடுங்கள்.